கறுத்துப்போன மூன்று பழங்கள்

குப்பைக்கூடையின் மூடியைத் திறந்துவிட்டேன். கையில் மூன்று வாழைப்பழங்கள். பழங்கள் என்று ஒரு மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். தோல் முழுவதும் கறுத்து, தொட்டால் விரல் உள்ளே போய்விடும் பதத்தில் இருந்தன. 2020-ம் வருஷம், ஏப்ரல் மாதம். கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம். வாசலுக்கு வந்த வண்டிக்காரரிடம் இன்னொரு நாள் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதற்றத்தில் ஒரு முழுச் சீப்பை வாங்கிவிட்டேன். வீட்டில் இருந்ததோ நானும் பேத்தியும் மட்டும். சீப்பு ஜெயித்தது, நாங்கள் தோற்றோம்.

"தாத்தா! போட்டுடாதீங்க!"

பேத்தி ஓடிவந்து பழங்களை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அழுகிப்போனதை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப்போகிறாய்?"

"இது அழுகல் இல்லை தாத்தா. இப்பத்தான் பக்குவம். கோக்கோ போட்டு ரொட்டி பண்ணப்போறேன். பாட்டி இருந்திருந்தா அப்பம் சுட்டிருப்பாங்க. நீங்கதான் குப்பைக்குக் கொண்டுபோறீங்க!"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். என் மனைவி இருந்தவரையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வாழைப்பழம்கூடக் குப்பைக்குப் போனது கிடையாது. கறுத்த பழம் அவள் கையில் வெல்லத்தோடும் மாவோடும் சேர்ந்து அப்பமாகிவிடும். நான் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, அடைத்துக் கிடந்த அந்த வீட்டில் ஒரு வாசனை எழுந்தது. கோக்கோவின் கசப்பும் வாழைப்பழத்தின் இனிப்பும் வெண்ணெயும் கலந்த வாசனை. ஒரு துண்டைத் தின்றேன். இன்னொரு துண்டையும் தின்றேன். மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"இதை முதல்லே யார் தாத்தா கண்டுபிடிச்சிருப்பா?" என்று பேத்தி கேட்டாள்.

கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பது அபாயம். அதுவும் வெளியே போக வழியில்லாத ஊரடங்கு நாளில்! அன்று தொடங்கிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் ஆச்சரியம், இந்த ரொட்டிக்கு வயது அதிகம் இல்லை என்பது. வாழை மனிதனோடு ஏழாயிரம் வருஷமாக வாழ்கிறது. நியூகினித் தீவில் குக் என்ற சதுப்பு நிலத்தைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள், அங்கே அத்தனை காலத்துக்கு முன்பே வாழை பயிரானதற்கு அடையாளம் கண்டிருக்கிறார்கள். ரொட்டியோ அதைவிடப் பழையது. ஆனால் வாழைப்பழத்தைப் பிசைந்து மாவில் சேர்த்துச் சுடும் இந்த அமெரிக்க ரொட்டி, 1930-ஐ ஒட்டிய வருஷங்களில்தான் அங்கே சமையல் புத்தகங்களில் தாராளமாகத் தலைகாட்டுகிறது. பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி 1933-ல் வெளியிட்ட புத்தகத்தில் இது இருக்கிறது. அதற்கு முன் ஏன் இல்லை? இரண்டு பொருள்கள் சாதாரணக் குடும்பத்துச் சமையலறைக்கு வந்து சேர வேண்டியிருந்தது. ஒன்று, நம் வீடுகளில் ஆப்பசோடா என்று சொல்கிறோமே, அது. மற்றொன்று, தூக்கி எறிய நினைக்கும் அளவுக்கு மலிவான வாழைப்பழம்.

ஆப்பசோடாவின் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

மாவு உப்ப வேண்டுமானால் அதற்குள் காற்று புகவேண்டும். பழைய காலத்தில் அதற்கு இரண்டே வழி. ஈஸ்ட் போட்டுப் பல மணி நேரம் காத்திருக்கலாம். அல்லது முட்டையை அடி அடியென்று அடித்து நுரையாக்கலாம். ஒரு மணி நேரம் கையால் அடிக்கச் சொல்லும் பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகள் உண்டு. எழுதினவர்கள் எழுதிவிட்டார்கள். அடித்த கை யாருடையது? பெரும்பாலும் வேலைக்காரியுடையது.

அமெரிக்காவில் காடு அழித்து ஊர் அமைத்தவர்களிடம் மரச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, காய்ச்சி, சுத்தம் செய்தால் ஒரு வெள்ளை உப்பு கிடைக்கும். முத்துச் சாம்பல் என்று பொருள்படும் பெயர் அதற்கு. இந்தச் சாம்பல் உப்பை நல்ல முறையில் தயாரிக்கும் உபாயத்துக்குத்தான் 1790-ல் அமெரிக்க சர்க்கார் தன் முதல் காப்புரிமையை வழங்கியது. கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன்! சோப்புக்கும் கண்ணாடிக்கும் பயன்பட்ட இந்த உப்பைப் புளித்த பாலோடு மாவில் சேர்த்தால் சில நிமிஷங்களில் மாவு பொங்கி எழுகிறது என்று சமையலறைப் பெண்கள் கண்டுகொண்டார்கள். 1796-ல் ஹார்ட்போர்டு நகரில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் அந்த வித்தை முதன்முதலாகப் பதிவாயிற்று. எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். தம்மைப் பற்றி அவர் புத்தகத்தின் முகப்பில் தந்திருக்கும் விவரம் ஒன்றே ஒன்று: 'ஓர் அமெரிக்க அநாதை.' பட்டம் இல்லை, பதவி இல்லை, இன்னாருடைய மகள் இன்னாருடைய மனைவி என்பதும் இல்லை. பெண்கள் கைப்பக்குவத்தின் சரித்திரத்தில் இப்படி ஒரு பெயராவது அச்சில் மிஞ்சியதே அதிசயம்.

அதற்குப் பிறகு கதை வேகமாக ஓடுகிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. மனிதர் மனைவிக்காக முட்டை சேராத கஸ்டர்டு ஒன்றை 1837-ல் தயாரித்தார். ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்கு 1843-ல் பேக்கிங் பவுடரும் செய்தார். உலகத்தில் மனைவிக்காக மாளிகை கட்டினவர்களைப் பற்றியே பேசுகிறோம். இவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். 1846-ல் அமெரிக்காவில் ஜான் டுவைட், ஆஸ்டின் சர்ச் என்ற இருவர் சோடா உப்பைப் பொட்டலம் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். அந்தச் சோடா உப்புத்தான் பிற்பாடு நம் ஆப்பத்துக்கும் வந்து, நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டது.

சோடாவோடு புளிப்பான வஸ்து ஏதாவது சேர வேண்டும். சேர்ந்தால் கரியமில வாயு குமிழியிட்டுக் கிளம்பும். அந்தக் குமிழிகளே மாவைத் தூக்கி நிறுத்தும். மோரில் புளிப்பு உண்டு. வெல்லப்பாகில் சிறிது உண்டு. கனிந்த வாழைப்பழத்திலும் கொஞ்சம் உண்டு. சோடா தயாராகிக் காத்திருந்தது. இனிப் பழம் வரவேண்டியதுதான்.

அமெரிக்கக் கண்டத்துக்கு வாழை சொந்தமல்ல. ஆசியாவில் பிறந்து, ஆப்பிரிக்காவைக் கடந்து, கானரித் தீவுகள் வரை போயிருந்த வாழைக் கன்றை, 1516-ல் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற ஸ்பானியப் பாதிரியார் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார் என்று சொல்வார்கள். தீவுகளில் அது செழித்தது. ஆனால் வடக்கே குளிர்ந்த நகரங்களில் இருந்தவர்களுக்கு அது முந்நூற்றைம்பது வருஷம் அதிசயப் பொருளாகவே இருந்தது. கப்பல் போய்ச் சேர்வதற்குள் பழம் அழுகிவிடுமே!

1870-ல் லோரன்சோ டோ பேக்கர் என்ற கப்பல் தலைவர் ஜமைக்காவில் 160 தார் காய்களைப் பாய்க்கப்பலில் ஏற்றி, பதினொரு நாளில் ஜெர்ஸி நகரத்துக்குக் கொண்டுபோய் நல்ல லாபத்துக்கு விற்றார். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில், ஒவ்வொரு வாழைப்பழத்தையும் தகடு போன்ற காகிதத்தில் சுற்றி, பழம் ஒன்று பத்து ஸென்ட் என்று விற்றார்களாம். அந்த நாளில் யாராவது கறுத்த பழத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்களா? கறுக்கிற வரையில் யார் விட்டுவைத்திருப்பார்கள்?

இருபத்தைந்தே வருஷத்தில் நிலைமை தலைகீழாயிற்று. கோஸ்டா ரிகாவில் மைனர் கீத் என்ற அமெரிக்கர் காட்டையும் சதுப்பையும் கிழித்து ரயில் பாதை போட்டார். மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மடிந்தார்கள். ரயிலில் ஏறப் பிரயாணிகள் இல்லை. அதனால் பாதையோரம் வாழையை நட்டு, அதையே சரக்காக ஏற்றினார். 1899-ல் கீத்தின் தோட்டங்களும், பேக்கரும் கூட்டாளிகளும் நடத்திவந்த கம்பெனியும் ஒன்றாகி, 'யுனைட்டெட் புரூட் கம்பெனி' பிறந்தது. குளிர்ச்சி செய்யப்பட்ட கப்பல்கள் வந்தன. வெயில் சூடு ஏறாமலிருக்க அவற்றுக்கு வெள்ளை வர்ணம் அடித்தார்கள். பச்சையாக வெட்டிய தார், தூங்குகிற குழந்தை மாதிரி கப்பலில் உறங்கிப் போய், நியூயார்க்கில் கண்விழித்துப் பழுத்தது. வெப்பநாட்டில் விளைந்து ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்த பழம், உள்ளூர் ஆப்பிளைவிட மலிவாயிற்று.

எப்படி மலிவாயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் ரொட்டியைச் சுட்டு முடித்துவிடுவோம்.

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை கவிழ்ந்தது. 1933-ல் அந்நாட்டில் உழைக்கத் தயாராக இருந்த நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வீட்டுக்காரிகள் ரொட்டி ஓரத்தையும் எறியாமல் வைத்துக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்ட நாளில் மேஜைமேல் இரண்டு பழம் கறுத்துப்போனால், காசு கொடுத்து வாங்கின பெண்ணுக்கு அதை எறிய மனம் வருமா? அலமாரியில் சோடா இருக்கிறது, மாவு இருக்கிறது. பிசைந்து போட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் யார்? எந்த ஊர்? ஒரே நேரத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு அந்த யோசனை தோன்றியது? சரித்திரத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. அவளுடைய கைப்பக்குவத்தை அச்சிட்டுப் பரப்பிய மாவுக் கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது.

அவள் கண்டுகொண்ட உண்மையைப் பிறகு ரசாயனம் விளக்கியது. காயில் இருப்பது மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறுகிறது. பழம் தானே எத்திலீன் என்ற வாயுவை வெளிவிட்டுத் தன்னைப் பழுக்கவைத்துக்கொள்கிறது. நம் கிராமங்களில் தாரைக் குழிக்குள் வைத்துப் புகைமூட்டம் போடுகிறார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. தோல் கறுக்கும்போது உள்ளே இனிப்பும் மணமும் உச்சத்துக்குப் போகின்றன. தின்பதற்கு அழகில்லாமற் போகிற அந்தக் கணத்தில்தான் சமைப்பதற்கு அது சிறந்ததாகிறது. என் பேத்தி சொன்னது சரி. அது அழுகல் அல்ல, பக்குவம்.

பழக் கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. 1944-ல் சிக்கிட்டா என்ற வாழைப்பழப் பெண்ணைச் சித்திரமாக்கி, ரேடியோவில் ஒரு விளம்பரப் பாட்டை ஒலிபரப்பினார்கள். புள்ளி விழுந்த பழமே ருசி, குளிர்ப்பெட்டியில் வைக்காதே என்று அது அமெரிக்கர்களுக்குப் பாடம் சொன்னது. நாடு முழுவதும் குழந்தைகள் பாடின. அந்தப் பாட்டில் தொப்பி வைத்த வாழைப்பழம் ஆடிற்று. தார் வெட்டினவன் மட்டும் அதில் வரவில்லை.

அவன் கதையை இனிச் சொல்லவேண்டும்.

கொலம்பியா நாட்டில் சாந்தா மார்த்தா என்ற துறைமுகத்தை அடுத்துப் பெரிய வாழைப் பிரதேசம் இருந்தது. 1928-ம் வருஷம் நவம்பரில் அங்கே ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? எழுத்து மூலமான ஒப்பந்தம். நாளுக்கு எட்டு மணி வேலை. வாரத்துக்கு ஆறு நாள். கூலிக்குப் பதிலாகக் கம்பெனிக் கடைச் சீட்டு கொடுக்கும் வழக்கம் ஒழியவேண்டும். இவ்வளவுதான். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. டிசம்பர் 5-ந் தேதி இரவு, சியேனகா என்ற ஊரில் ரயில் நிலையத்துக்கு அருகே சதுக்கத்தில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. நள்ளிரவு கடந்து, கலைந்து போகும்படி உத்தரவு படிக்கப்பட்டது. சில நிமிஷ அவகாசம் கொடுத்தார்கள். பிறகு சுட்டார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? சுடச் சொன்ன ஜெனரல் கோர்தெஸ் வர்காஸ் 47 என்றார். ஆயிரத்துக்கும் மேல் என்று கம்பெனிப் பிரதிநிதி தம்மிடம் சொன்னதாக, அங்கிருந்த அமெரிக்கத் தூதர் வாஷிங்டனுக்கு எழுதினார். அந்தப் பக்கத்து ஊரான அரகதகாவில் முந்தின வருஷம் பிறந்திருந்த ஒரு குழந்தை, காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், வளர்ந்து நாவலாசிரியராகி 1967-ல் வெளியிட்ட பெரிய நாவலில் மூவாயிரம் என்று எழுதினார். நாளடைவில் நாவலின் எண்ணே சரித்திரம் போலப் பலர் வாயில் புழங்கலாயிற்று. நானும் நாவல் எழுதுகிறவன். ஆனாலும் இதில் எனக்குப் பெருமை தோன்றவில்லை. செத்தவர்களைச் சர்க்கார் எண்ணி எழுதியிருந்தால், ஒரு நாவலாசிரியன் அந்த வேலையைச் செய்ய நேர்ந்திருக்காது.

கம்பெனியின் கை அதோடு நின்றுவிடவில்லை. குவாத்தமாலாவில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி ஹகோபோ அர்பென்ஸ், 1952-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளில் பயிரிடாமல் கிடந்த நிலத்தை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பது சட்டத்தின் நோக்கம். யுனைட்டெட் புரூட் கம்பெனியின் நிலத்தில் பெரும்பகுதி சும்மாதான் கிடந்தது. வரி கட்டுவதற்காகக் கம்பெனியே தன் நிலத்துக்குச் சொன்ன மதிப்பு எதுவோ அதையே நஷ்ட ஈடாகத் தருகிறேன் என்றது குவாத்தமாலா சர்க்கார். அது சுமார் 6 லட்சம் டாலர். கம்பெனியின் சார்பில் அமெரிக்க சர்க்கார் கேட்டதோ 1 கோடியே 58 லட்சம்! வரி கட்டும்போது ஒரு விலை, வாங்கும்போது ஒரு விலை. இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. 1954 ஜூன் மாதம், அமெரிக்க ரகசிய இலாகா ஏற்பாடு செய்த கலகத்தில் அர்பென்ஸ் பதவி இழந்தார். கம்பெனியின் லாபம் பெரிதா, கம்யூனிஸத்தைப் பற்றிய பயம் பெரிதா என்று சரித்திராசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குவாத்தமாலாவின் ஏழைக்கு அந்த வாதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் செத்தார்கள் அல்லது காணாமற் போனார்கள்.

பழம் மலிவானது இப்படித்தான். அமெரிக்க வீட்டுக்காரி ஒரு பழம் வீணாகாமல் பாதுகாத்தாள். அந்தப் பழத்தை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களோ மனிதர்களையே வீணாக்கினார்கள். இதில் அவள் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியாது. தெரியாதபடி இருந்ததுதான் வியாபாரத்தின் சாமர்த்தியம்.

இனி சாக்லேட். அதன் பிரயாணம் வாழையின் பிரயாணத்துக்கு நேர் எதிர். வாழை கீழ்த்திசையிலிருந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. கோக்கோ அமெரிக்காவிலிருந்து கீழ்த்திசை நோக்கி ஆப்பிரிக்காவுக்கு வந்தது. மெக்ஸிகோவின் பழைய அரசுகளில் கோக்கோ விதை நாணயமாகவே செலாவணியாயிற்று. அங்கே அது குடிக்கும் பானம், கசப்பான பானம். 1828-ல் ஹாலந்து தேசத்து வான் ஹூட்டன் குடும்பத்தார் கோக்கோவைப் பிழிந்து அதன் கொழுப்பில் பாதியை எடுத்துவிட்டு, மிஞ்சிய பிண்ணாக்கைத் தூளாக்கினார்கள். கார உப்புச் சேர்த்து அதன் புளிப்பையும் தணித்தார்கள். வீட்டில் ரொட்டி சுடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சாதாரணக் கோக்கோத் தூளில் புளிப்பு உண்டு. ஆப்பசோடா போட்டால் பொங்கும். ஹாலந்து முறைத் தூளில் புளிப்பு போய்விட்டது; அதற்குப் பேக்கிங் பவுடர் உதவி வேண்டும். பல வீடுகளில் ரொட்டி கல்லாகிப் போவதற்கு இது ஒரு காரணம்.

கோக்கோவின் கணக்கும் சுத்தமானதல்ல. ஆப்பிரிக்கக் கரையோரம் போர்ச்சுகல் வசமிருந்த சாவோ தோமே தீவில், அங்கோலாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் பிடித்துக்கொண்டுவரப்பட்ட ஜனங்கள் கோக்கோத் தோட்டங்களில் உழைத்தார்கள். போனவர்கள் திரும்புவது அபூர்வம். ஹென்றி நெவின்சன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1904-05-ல் நேரில் போய்ப் பார்த்து, இது அடிமைத்தனமே என்று எழுதினார். மிட்டாய் வியாபாரத்தில் பேர்போன காட்பரி முதலான இங்கிலீஷ் கம்பெனிகள் யோசித்து யோசித்து, 1909-ல்தான் அந்தத் தீவின் கோக்கோவை வாங்க மறுத்தன.

ஆனால் இந்தக் கதையில் மனசுக்கு ஆறுதலாக ஒரு மனிதர் வருகிறார். டெட்டே குவார்ஷி என்பவர் கொல்லுத் தொழில் தெரிந்த ஆப்பிரிக்கர். பெர்னாந்தோ போ தீவுக்கு வேலைக்குப் போனவர், 1879-ல் திரும்பும்போது சில கோக்கோ விதைகளைக் கொண்டுவந்து, இன்று கானா என்று வழங்கும் தம் தேசத்தில் நட்டார். அங்கே வெள்ளைக்காரத் துரைகளின் பெருந்தோட்டங்கள் அல்ல, சொந்தக் குடியானவர்களின் சிறு தோட்டங்களே கோக்கோவைப் பரப்பின. முப்பது சொச்சம் வருஷத்தில் அந்தச் சின்ன நாடு உலகத்திலேயே அதிகக் கோக்கோ விளைவிக்கும் இடமாயிற்று. இன்றைக்கு உலகத்துக் கோக்கோவில் பாதிக்கும் மேல் கானாவிலும் பக்கத்து நாடான ஐவரி கோஸ்டிலும்தான் விளைகிறது. அந்தத் தோட்டங்களில் குழந்தைகளைக் கொடிய வேலை வாங்குவதை 2005-க்குள் ஒழிப்போம் என்று சாக்லேட் கம்பெனிகள் 2001-ல் கையெழுத்திட்டன. 2005 வந்தது, போயிற்று. குழந்தைகள் கையில் வெட்டுக்கத்தி இன்னும் இருக்கிறது.

வாழையிலும் ஒரு மாறுதலைச் சொல்லியாக வேண்டும். 1933-ல் ரொட்டி சுட்ட அமெரிக்கப் பெண்ணின் பழம் வேறு. இன்று கடையில் கிடைக்கும் பழம் வேறு. அவளுடையது 'குரோ மிஷேல்' என்ற ஜாதி. விதையில்லாமல் கன்றிலிருந்து கன்றாக வளர்ந்த ஒரே அச்சு. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சணம் தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டு போயிற்று. 1960-களின் நடுவில் கம்பெனிகள் கேவண்டிஷ் என்ற வேறு ஜாதிக்கு மாறின. இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கண்ணாடித் தோட்டத்தில், ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் வளர்க்க, 1835-ல் பூத்த வாழை அது. மொரீஷியஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த கன்று. நம் பக்கத்தில் சில ஊர்களில் அந்தப் பச்சை வாழைப்பழத்தை மோரிஸ் பழம் என்கிறார்களே, அந்தப் பெயரில் மொரீஷியஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் குப்பைக்குக் கொண்டுபோன மூன்று பழங்களும் அந்த ஜாதிதான். இப்போது அதையும் அழிக்க வல்ல புது வகைப் பூஞ்சணம் கிளம்பி, 2019-ல் கொலம்பியாவையே எட்டிவிட்டது. ஒரே அச்சில் உலகத்தை வார்க்க நினைத்தவர்கள் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. பூவன், ரஸ்தாளி, மொந்தன், விருப்பாச்சி, செவ்வாழை என்று இத்தனை வகையை நம் குடியானவர்கள் கைவிடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இவ்வளவையும் ஒரு மாலை பேத்திக்குச் சொன்னேன். அன்று அவள் இரண்டாம் தடவையாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கறுத்த பழம் மூன்றைப் பிசைந்தாள். உருக்கிய வெண்ணெய் அரைக் கிண்ணம், சர்க்கரை முக்கால் கிண்ணம், முட்டை இரண்டு சேர்த்துக் கலக்கினாள். ஒன்றரைக் கிண்ணம் மைதா, கால் கிண்ணத்துக்குக் கொஞ்சம் அதிகமாகக் கோக்கோத் தூள், ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, ஒரு சிட்டிகை உப்பு இவற்றைச் சலித்துப் போட்டாள். போட்ட பிறகு அதிகம் கிளறவில்லை. கிளறினால் மாவில் பசை இறுகி ரொட்டி ரப்பராகிவிடுமாம். வெண்ணெய் தடவிய நீளமான தகர டின்னில் ஊற்றி, 175 டிகிரிச் சூட்டில் ஓவனில் வைத்தாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். குச்சியைக் குத்திப் பார்த்து, ஈரமாவு ஒட்டாமல் வந்ததும் எடுத்தாள்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இதைச் சாப்பிடறதா, வேண்டாமா தாத்தா?"

உடனே பதில் சொல்ல வரவில்லை.

"சாப்பிடுவோம் அம்மா. எறிந்தால் உழைத்தவனுக்கு இரண்டாம் தடவை துரோகம் செய்ததாகும். ஆனால் விலை மலிவாயிருக்கிறதென்று சந்தோஷப்படும்போது, மீதி விலையை யார் கொடுத்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம்" என்றேன். சொல்லும்போதே இது போதாத பதில் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் ரொட்டியை நறுக்கினாள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அளவுகளை எழுதிக்கொண்டாள். தலைப்பில் ரொட்டியின் பெயரை எழுதினாள். யாருடைய கைப்பக்குவம் என்று எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"பாட்டியோட அப்பத்தையும் எழுதிடலாம். எத்தனை பழம் போடுவாங்க? மாவு எவ்வளவு?"

நாற்பத்தாறு வருஷம் அந்த அப்பத்தைத் தின்றவன் நான். ஹார்ட்போர்டு நகரத்து அநாதைப் பெண்ணின் சாம்பல் உப்பைப் பற்றிச் சொன்னேன். பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். என் மனைவி எத்தனை பழம் போடுவாள் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளாவது கேட்டதில்லை.

கும்பகோணத்தில் இருக்கும் என் மனைவியின் தங்கைக்கு டெலிபோன் செய்தேன். "அளவென்ன அத்திம்பேர் அளவு? அக்கா கையாலேதான் போடுவா. கோதுமை மாவு மூணு கை, அரிசி மாவு ஒரு கை, வெல்லம் ஒரு பெரிய கட்டி, பழம் வீட்டிலே எது கறுத்துக் கிடக்கோ அது. அக்கா கை கொஞ்சம் சின்னக் கை, ஞாபகம் வெச்சுக்கோங்கோ" என்றாள்.

பேத்தி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சின்னக் கை என்பதையும் சேர்த்துத்தான். மேலே என் மனைவியின் பெயரை எழுதி, கோடு போட்டாள்.